எண்சுவடி முதல் இணையச் செயலி வரை: கரிசல் காட்டில் காசுப் பாடம்

மாணவர்களுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்க ஒரு இணையச் செயலி செய்ய வேண்டும் என்பது இன்று பொறியியல் கல்லூரிகளில் அடிக்கடி எடுக்கப்படும் புராஜெக்ட் தலைப்பு. வரவு, செலவு, சேமிப்பு, வட்டி என நான்கு பக்கம், ஒரு வட்ட வரைபடம், கடைசியில் ஒரு வினாடி வினா. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த பாடம் போல நினைப்பதுதான் வேடிக்கை! அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிள்ளைகளுக்குக் காசுப் பாடம் சொல்லித் தருவதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்தப் பாடம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி இது. 1985ல் மாவட்டம் பிரியும் வரை இராமநாதபுரத்தோடு இருந்தது. கரிசல் மண்ணும் செம்மண்ணும் கலந்து கிடக்கும். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி, மிளகாய் என்று மழையை நம்பி விதைப்பார்கள். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது சில நாட்கள்தான். மழை பொய்த்த வருடம் வேலிக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பார்கள். அருப்புக்கோட்டை டவுனுக்குள் வந்தால் தறிச்சத்தம், நூல் ஆலைகள். விவசாயியின் வருமானம் வருடத்துக்கு ஒருமுறை வரும், அதுவும் வந்தால் உண்டு. நெசவாளியின் வருமானம் பாவு முடிந்தால் வரும். கரிமூட்டக் கூலிக்காரருக்கு மூட்டம் பிரித்தால் வரும். மாதச் சம்பளம் என்ற ஒன்றை அடிப்படையாக வைத்து எழுதிய எந்தப் பாடமும் இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

திண்ணையில் ஆரம்பம்

ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வருவதற்கு முன் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். 1822ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டு மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுத்தபோது இவை ஆயிரக்கணக்கில் இருந்தது தெரியவந்தது. அங்கே பையன்கள் படித்த முக்கியமான புத்தகம் எண்சுவடி. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடு, குழிமாத்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பெயர்களையே கவனியுங்கள்: பொன்னையும் நெல்லையும் எண்ணுவதற்குத்தான் எண்! முந்திரி என்றால் 320ல் ஒன்று. காணி என்றால் 80ல் ஒன்று. மா என்றால் 20ல் ஒன்று. வீசம் என்றால் 16ல் ஒன்று. இந்தக் கீழ்வாய் எண்களை எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த பையன் சந்தையில் ஏமாற மாட்டான்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 16 அணா. அதாவது ஒரு அணா என்பது ரூபாயில் ஒரு வீசம், இரண்டு அணா அரைக்கால், நாலணா கால், எட்டணா அரை. எண்சுவடிப் பின்னமும் அணாக் கணக்கும் அச்சாகப் பொருந்தின. அதனால்தான் புது நாணயம் வந்தும் பழைய பாடம் செத்துப் போகவில்லை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனபோதுதான் அதற்கு உண்மையான அடி விழுந்தது. கால், அரை, முக்கால் மட்டும் பேச்சில் தப்பித்தன. வீசமும் மாகாணியும் போயின.

எண்சுவடியைப் புகழ்ந்து தள்ளுவதும் சரியல்ல. ஏன் என்று கேட்காமல் ஒப்பிக்கும் பாடம் அது. தாழ்த்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. பெண்பிள்ளைகள் வந்தது மிக அபூர்வம். கணக்குத் தெரிந்தவன் பத்திரம் எழுதினான், தெரியாதவன் கைநாட்டு வைத்தான். கடன் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் இருந்த சுவர் பணம் மட்டுமல்ல, அந்தச் சுவடியும்தான்.

கடையே பள்ளிக்கூடம்

பாடத்தின் அடுத்த கட்டம் திண்ணையில் நடக்கவில்லை, கடையில் நடந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் பையன்களைப் பழக்கிய முறை பிரசித்தம். கடல் கடந்த கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, கடைசியில் கடையையே நடத்தும் பொறுப்புக்கு வருவார்கள். சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் உட்கார்ந்து எழுதிக் கற்றவை. இது செட்டிநாட்டுக் கதை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கதை வேறு.

19ஆம் நூற்றாண்டில் தெற்கே இருந்து வணிகத்துக்காக வடக்கே நகர்ந்த நாடார்கள் இராமநாதபுரம், மதுரைப் பகுதியில் சில ஊர்களில் நிலைகொண்டார்கள். அருப்புக்கோட்டை, அதை ஒட்டிய பாளையம்பட்டி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அந்தக் காலத்தில் அவர்கள் நிலை என்ன? கோயிலுக்குள் விடமாட்டார்கள். திருச்சுழிக்குக் கிழக்கே இருக்கும் கமுதிக் கோயிலில் 1897ல் அவர்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899ல் சிவகாசிக் கலவரம். சமூகத்தில் கதவு மூடியிருந்தவர்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு வணிகம். அதனால் பணத்தை அவர்கள் தனி ஆளின் சாமர்த்தியமாக மட்டும் பார்க்கவில்லை. பாதுகாப்பாகவும் பார்த்தார்கள்.

இங்கேதான் மகமை வருகிறது. சரக்கு வண்டிகள் இரவில் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகள் இருந்தன. அங்கே வரும் சரக்கில் ஒரு சிறு பங்கு பொது நிதிக்கு. பிறகு வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி. இந்த நிதியை நிர்வகித்தது உறவின்முறை. அதன் வரவு செலவை உறவின்முறையிடம் ஒப்புவிக்க வேண்டும். பேட்டையைப் பராமரிக்க ஆரம்பித்த பணம், பிறகு கிணறு, கோயில், சத்திரம், கடைசியில் பள்ளிக்கூடம் என்று விரிந்தது. அருப்புக்கோட்டையில் இன்றும் நடக்கும் சைவ பானு சத்திரியர் பெயர் தாங்கிய கல்வி நிலையங்கள் இந்த மரபில் வந்தவை. அந்தப் பெயரிலுள்ள கல்லூரி 1970ல் தொடங்கியது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை நடத்த வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்த கதையைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு. சமைக்க அளக்கும் அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனியாகப் போடுவது, அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்குக் கொடுப்பது. அவ்வளவுதான் திட்டம்.

இதில் பாடம் எங்கே என்று கேட்கலாம். அடுப்படியில் அம்மா தினமும் கைப்பிடி அரிசி எடுத்துவைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, செலவு செய்தபின் மிஞ்சுவது சேமிப்பு அல்ல, செலவுக்கு முன் எடுத்துவைப்பதே சேமிப்பு என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதைவிட முக்கியம், அந்த அரிசி எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். காலையில் அது போய் உட்காரும் பள்ளிக்கூடத்துக்குத்தான்!

அந்தப் பள்ளியில் படித்த ஒரு மாணவர் காமராஜர். 1903ல் பிறந்தவர், சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தாயார் சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊர் வியாபாரி ஒருவரிடம் போட்டுவைத்து, வரும் வட்டியில் குடும்பத்தை நடத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தலைமுறைப் பெண் ஒருவர் முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது என்ற முடிவை எடுத்திருக்கிறார். இன்றைய நிதி ஆலோசகர் இதைச் சொல்லப் பல பக்கம் எழுதுவார். ஆனால் அது போதவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுத் துணிக்கடைக்குப் போனார். பின்னாளில் முதலமைச்சரானபோது அவர் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை, மதிய உணவு போட்டார். 1950களின் இறுதியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்களே பணமும் பொருளும் கொடுத்துப் பள்ளிகளைச் செப்பனிட்டார்கள். அது மகமையை எல்லாச் சாதிக்கும் பொதுவாக விரித்தது போல இல்லையா?

மகமைக்கும் ஒரு எல்லை இருந்தது. அது அந்தச் சாதிக்குள் நின்ற நிதி. அதே அருப்புக்கோட்டையில் தறி நெய்தவர்களுக்கும், திருச்சுழிக் காட்டில் கூலிக்குப் போனவர்களுக்கும் அப்படி ஒரு பேட்டையும் இல்லை, மகமையும் இல்லை.

மகமையில் பழகிய கை அடுத்து வங்கிக்குப் போனது இயல்பு. 1910ல் உருவான நாடார் மகாஜன சங்கத்தின் கூட்டத்தில் எழுந்த யோசனை, 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் திறக்கப்பட்டது. 1962ல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று மாறியது. இது பலருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

திருச்சுழி மாணவரின் ஐந்து ரூபாய்

இந்த வட்டாரத்தில் ஒரு மாணவர் எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கு என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு. அதை எழுதியவர் யார் தெரியுமா? திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ல் பிறந்த வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனிடம் அவருடைய அண்ணன், பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி சொன்னார். வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போவது என்று முடிவு செய்திருந்த பையன் அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டு எழுதிவைத்தார். தேட வேண்டாம் என்று சொல்லும் அந்தச் சீட்டின் கடைசியில், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற தகவலும் இருந்தது. உலகத்தையே விட்டுப் போகிறவர் பாக்கியைக் குறித்துவிட்டுப் போகிறார்!

பிறகு நடந்ததும் ஒரு கணக்குத்தான். திண்டிவனத்துக்கு ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. மூன்று ரூபாயில் மிச்சம் 3 அணா. விழுப்புரத்துக்குப் பிறகு பணம் போதாமல் பாதி ரயிலிலும் பாதி நடந்தும் போய், கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். திரும்ப மீட்கும் எண்ணம் இல்லாததால் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1ல் திருவண்ணாமலை சேர்ந்ததும் மீதிக் காசைக் குளத்தில் எறிந்துவிட்டார்.

துறவியின் வாழ்க்கையில் இதெல்லாம் சின்ன விஷயம். ஆனால் 1896ல் ஒரு தென்மாவட்ட மாணவர் கையில் பணம் எப்படிப் புழங்கியது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பதிவு கிடைப்பது அரிது. கல்லூரிச் சம்பளம், ரயில் கட்டணம், அவசரத்துக்குக் காதில் கிடக்கும் பொன். அவசரத்துக்குப் பொன் என்ற பழக்கம் மட்டும் இன்றும் மாறவில்லை. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் நகைக்கடன் பலகைகளை எண்ணிப் பார்த்தால் புரியும்.

அறிக்கைகள் சொன்னது

சர்க்கார் இந்த விஷயத்துக்குத் தாமதமாக வந்தது. 1882 ஏப்ரல் 1ல் தபால் நிலையச் சேமிப்பு வங்கி ஆரம்பித்தது. சென்னை மாகாண விவசாயிகளின் கடனைப் பற்றி பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமக் கடன் சங்கங்களை நடத்திய விதத்தைப் பார்த்து, இங்கும் அப்படி ஒருவரைத் தேடுங்கள் என்பதுதான் அந்தப் பெரிய அறிக்கையின் சாரம். 1904ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. 1929-30ல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு லேவாதேவிக்காரர், சீட்டு, நிதி எல்லாவற்றையும் விசாரித்து எழுதியது.

அக்கால அதிகாரிகள் பலருக்கு ஒரு எண்ணம்: குடியானவன் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வீண் செலவு செய்கிறான், சிக்கனம் கற்றுக்கொடுத்தால் கடன் தீரும். இது பாதி உண்மைகூட இல்லை. மழை இரண்டு வருடம் தொடர்ந்து பொய்த்தால் எவ்வளவு சிக்கனமானவரும் கடன் வாங்கத்தான் வேண்டும். அடுத்த விதைப்புக்கு விதை வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும். சிக்கனப் பாடத்தால் மழையை வரவழைக்க முடியாது.

1938ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இதைப் புரிந்துகொண்டது. பழைய கடன்களில் நின்றுபோன வட்டியைத் தள்ளியது. வாங்கிய அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதச் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் இரு மடங்கு கட்டியதை எதை வைத்துக் காட்டுவது? கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி வைத்தவருக்குச் சட்டம் எளிதாக உதவும். கைநாட்டு வைத்து, வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்தவருக்கு அவ்வளவு எளிதல்ல. கணக்கு எழுதும் பழக்கம் வெறும் நல்ல பழக்கம் அல்ல, நிலத்தைக் காப்பாற்றும் ஆயுதம் என்பது இந்த இடத்தில் தெளிவாகும்.

சஞ்சாயிகா நாட்கள்

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வங்கி நடத்தும் யோசனை உலகத்தில் பழையது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிரான்சுவா லோரான் என்ற பேராசிரியர் 1866ல் இதைப் பெரிய அளவில் பரப்பினார். அமெரிக்காவில் 1885ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் தீரி என்பவர் தொடங்கினார். 1924ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகள் மாநாட்டிலிருந்துதான் உலக சிக்கன நாள் வந்தது. அக்டோபர் 31 என்பது அதன் தேதி. இந்திரா காந்தி 1984ல் அதே தேதியில் கொல்லப்பட்டதால் இந்தியாவில் ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 30ல் கொண்டாடுகிறார்கள்.

இந்தியாவில் அந்த யோசனைக்குக் கிடைத்த பெயர் சஞ்சாயிகா. 1970களிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. 80களிலும் 90களிலும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தச் சின்னப் பாஸ் புக் ஞாபகம் இருக்கும். திட்டத்தின் அழகு என்னவென்றால் வங்கியை நடத்துவதே மாணவர்கள்தான். ஒருவர் மேலாளர், ஒருவர் காசாளர், ஒருவர் கணக்கர். ஆசிரியர் மேற்பார்வை. 50 காசு, 1 ரூபாய் என்று வாங்கி, பாஸ் புக்கில் பதிந்து, சேர்ந்த பணத்தைத் தபால் நிலையத்தில் பள்ளியின் கணக்கில் போட வேண்டும். தபால் நிலையம், கூட்டுறவு, மகமை என எல்லாவற்றின் சாயலும் இதில் இருந்தது. மற்றவர் காசை வைத்துக்கொண்டு பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டும் பயிற்சியை வேறு எந்தப் பாடமும் கொடுக்கவில்லை.

பிறகு ஏன் தேய்ந்தது? ஆசிரியர்களுக்குக் கூடுதல் வேலை. மதிப்பெண்ணுக்கு உதவாத எதற்கும் நேரம் ஒதுக்காத காலமும் வந்துவிட்டது. பல பள்ளிகளில் அது வருட ஆரம்பத்தில் வசூலித்து வருடக் கடைசியில் திருப்பிக் கொடுக்கும் சடங்காகச் சுருங்கியது. 2014ல் ரிசர்வ் வங்கி 10 வயது நிரம்பிய சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என்று அனுமதித்தது. நல்ல அனுமதிதான். ஆனால் வங்கியில் கணக்கு வைத்திருப்பதும் வங்கியை நடத்திப் பார்ப்பதும் ஒன்றல்ல.

இதே காலத்தில் பெரியவர்களுக்கான பள்ளி வேறு இடத்தில் நடந்தது. 1990ல் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் குழுக்கள் தொடங்கின. 1992ல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்தது. தொடர்ந்து மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் வந்தது. எழுதத் தெரியாத பெண்கள் இருந்த குழுக்களில் கணக்கு நோட்டை எழுதியது பல இடங்களில் யார்? எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் மகள்தான்! அம்மாவின் குழுவில் யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி என்று நோட்டில் கோடு போட்டு எழுதிய அந்தச் சிறுமிகள் பெற்ற நிதிக் கல்விக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. எண்சுவடி காலத்தில் திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் பேத்திகள் அவர்கள்.

செயலிக்கு வருவோம்

2013ல் தேசிய நிதிக் கல்வி மையம் அமைந்தது. 2019ல் அது எடுத்த கணக்கெடுப்பில் இந்தியாவில் வயது வந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் போதுமான நிதி அறிவு இருக்கிறது என்று வந்தது. 2018ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். அந்தத் திட்டத்தின் அளவுகோல்களில் வங்கிக் கணக்கு, காப்பீடு போன்ற நிதிச் சேவைகள் மக்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தன என்பதும் ஒன்று. மகமையும் பிடி அரிசியும் பிறந்த மாவட்டம் இந்தப் பட்டியலில் வந்தது யோசிக்க வைக்கும் விஷயம்.

2016ல் யு.பி.ஐ. வந்தது. டீக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது. அதே போனில் கடன் செயலிகளும் வந்தன. ஆதார், ஒரு செல்ஃபி, ஐந்து நிமிடத்தில் பணம். தவணை தவறினால் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போன் போட்டு அவமானப்படுத்துவது. 2022ல் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை வகுத்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022ல் சட்டம் நிறைவேற்றியது, 2025ல் மத்திய அரசும் நாடு முழுவதற்குமாகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டிக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2003லிருந்தே இருக்கிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்ற சொற்கள் மட்டும் வழக்கொழியவில்லை. ஆக, பணத்தைப் பற்றிக் கற்றுத்தரும் செயலிக்குப் போட்டி இன்னொரு பாடச் செயலி இல்லை. ஒரே தட்டலில் கடன் தரும் செயலிதான் அதற்குப் போட்டி.

அருப்புக்கோட்டையில் படிக்கும் ஒரு மாணவருக்கு அந்தச் செயலி முதலில் எதைக் காட்ட வேண்டும்? பங்குச் சந்தையையா? அவர் வீட்டு வாசலுக்கு தினமும் சைக்கிளிலோ பைக்கிலோ வரும் தண்டலையே காட்டலாம். ஒரு கணக்கு: கையில் கொடுப்பது 8,500 ரூபாய். நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மொத்தம் 10,000. பிடித்துக்கொண்டது 1,500, அதாவது 15 சதவீதம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 8,500 ரூபாயும் 100 நாளும் கடனாளி கையில் இருக்கவில்லையே! மறுநாளிலிருந்தே திரும்பப் போகத் தொடங்கிவிட்டது. குறைந்து வரும் பாக்கிக்குச் சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீத வட்டி. மூணு வட்டி என்று ஊரே பயப்படும் கடன்கூட ஆண்டுக்கு 36 சதவீதம்தான்.

பைக் கடனும் அப்படியே. 60,000 ரூபாய்க்கு 10 சதவீதம், மூன்று வருடம் என்று சொல்வார்கள். வருடம் 6,000 வீதம் 18,000 வட்டி சேர்த்து 78,000 ரூபாயை 36 மாதத்தில் கட்ட வேண்டும். மாதம் 2,167. முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி மட்டும் முழு 60,000க்கும் போடப்படுகிறது. உண்மை வட்டி ஏறத்தாழ 18 சதவீதம்.

இதைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பது கடினம். எண்சுவடி மனப்பாடத்தாலும் முடியாது. கணினிக்கோ இது ஒரு நொடி வேலை. இணையச் செயலியால் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். கொடுத்த தொகை, தவணை, எத்தனை நாள் என்று மூன்று கட்டம் போதும். ஆனால் மாத வருமானம் எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் செயலியை இந்த ஊர் மாணவர் அத்தோடு மூடிவிடுவார். பாவு எப்போது முடியும், மல்லி எப்போது விலைக்குப் போகும், மூட்டம் எப்போது பிரிப்பார்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். வருடத்தில் வருமானம் வராத மாதங்கள் எவை என்பதைக் குறிக்க ஒரு நாட்காட்டி வேண்டும். ஆங்கிலத்தில் அல்ல, தண்டல், அடகு, சீட்டுத் தள்ளு, கைமாற்று என்ற சொற்களிலேயே இருக்க வேண்டும். ஏலச்சீட்டில் எத்தனையாவது மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தால் அது சேமிப்பு, எப்போது எடுத்தால் அது கடன் என்று போட்டுக் காட்ட வேண்டும்.

சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் ஊர்களில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். வீட்டில் ஒரே போன்தான் இருக்கும், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எனவே பள்ளிக் கணினி அறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரியும் இருக்க வேண்டும். ஒருவர் காசாளர், ஒருவர் கணக்கர், ஒருவர் மேலாளர், நாலாவது ஆள் கடன் கேட்டு வருபவர்.